கட்டை போட ஓர் ஆள்

பலெர்மோ
17.11.1996

அன்புள்ள றஞ்சித் மச்சானுக்கு,

குகனேஸ்வரி எழுதுகிறேன். நான் சுகம். அங்கே குளிர் மோசம் என்று பேரின்பநாயகம் சித்தப்பா சொன்னார். நெஞ்சுச் சளி ஒன்றும் பிடிக்காமல் நீங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் படம் கிடைத்தது. போன ஞாயிறு கபோ சந்தையால் வந்த சித்தப்பா அதை மீன் பைக்குள்ளேயே வைத்துக் கொண்டுவந்து தந்தார். மூலை கொஞ்சம் நனைந்துவிட்டது, குறை நினைக்க வேண்டாம். நீல ஜக்கெற், இரண்டு கையிலும் தடி, காலுக்குக் கீழே ஸ்கீ மட்டை, பின்னால் மலை. "மாப்பிள்ளையைப் பார் பிள்ளை! பனியிலை பறக்கிற ஆள்!" என்று சித்தப்பாவுக்கு ஒரே புளுகமும் சந்தோசமும்.

வவுனியாவிலிருந்து அம்மாவும் எழுதியிருக்கிறா. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னம் ஓம் அல்லது இல்லை என்று நான் சொல்லவேண்டுமாம். நீங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன். முறை சரி, சாதகமும் சரி. ஆனால் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது சின்னச் சட்டை போட்ட வயதில், ஊர்த் தேர்த் திருவிழாவில். ஒரு படத்துக்கு ஓம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லித் தருகிற விதத்தில்தான் ஆளைத் தெரியும் என்பது என் எண்ணம்.

ஆகவே ஓர் உதவி. நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா தை மாதம் தொடங்கி ஞாயிறுகளில் குடும்பத்தோடு பியானோ பத்தாலியா மலைக்கு ஸ்கீ விளையாடப் போகப்போறா. காரில் இரண்டு மணித்தியால ஓட்டம். மகள் மார்த்தினாவுக்கு எட்டு வயது. போன வருடம் ஒருமுறை உருண்டு விழுந்ததோடு மட்டையைக் கண்டாலே அழுகிறாள். பழக்க வந்த மாஸ்டரைக் கண்டால் அதைவிடக் கூட அழுகிறாள். என் கையை மட்டும் பிடித்துக்கொள்வாள். ஞாயிறு லீவுக்குப் பதில் திங்கள் தருகிறேன், நீ பழக்குவாயா என்று சிஞ்ஞோரா கேட்டா. நானும் "ஸி, ஸி" என்று தலையாட்டிவிட்டேன். உங்கள் படம் தந்த துணிச்சல்தான்.

எப்படி நிற்பது, எப்படிப் போவது, எப்படி நிறுத்துவது என்று விபரமாக எழுதுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
குகனேஸ்வரி


துறொம்சோ
2.12.1996

அன்புள்ள குகனேஸ்வரிக்கு,

கடிதம் கண்டு மிகுந்த சந்தோசம். எனக்குச் சளி இல்லை. நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவனுக்குக் குளிர் வீட்டு ஆள் மாதிரி. மார்த்தினாவின் சுகத்தையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஸ்கீ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. மிகவும் நல்ல கேள்வி. இந்த நாட்டில் பிள்ளைகள் நடக்கப் பழக முதலே மட்டையில் ஏறிவிடுகின்றன. ஆனால் பாருங்கள், செய்து செய்து கைவந்த ஒரு காரியத்தைக் கடுதாசியில் எழுதுவது இலேசில்லை. சோறு குழைத்துச் சாப்பிடுவது எப்படி என்று ஒருவர் கேட்டால் நாங்கள் என்ன எழுதுவோம்? எனக்குக் கொஞ்சம் அவகாசம் தாருங்கள். ஒழுங்காக யோசித்து, படிப்படியாக எழுதுகிறேன்.

இப்போதைக்கு: கையுறை முக்கியம். கடவுளைக் கும்பிடுவதும் முக்கியம்.

இங்கே இப்போது பகலிலும் சூரியன் இல்லை. தை மாதம் பாதி போனால்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். எல்லோரும் அதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கென்றால் இந்த மாதம் இருட்டு நல்ல வசதியாகத்தான் இருக்கிறது.

உங்கள் நன்மையை விரும்பும்,
றஞ்சித்


பலெர்மோ
14.12.1996

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம், கீழ்வீட்டுக்காரரைத் தவிர. அவருக்குத் தலையிடி. காரணம் மார்த்தினாவின் புதுச் சப்பாத்து. முழங்கால் வரைக்கும் வருகிற பிளாஸ்ரிக் சப்பாத்து, நடந்தால் கட்டை வண்டில் போகிற சத்தம். பயம் தெளியட்டும் என்று பின்னேரங்களில் அதைப் போட்டு வீட்டு நடையில் நடக்க விடுகிறேன். நேற்று அந்த மனிசன் தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டைத் தட்டினார்.

போன ஞாயிறு வெறுங்காலோடு சாந்தா ரொசாலியா மாதாவின் மலைக்கு ஏறினேன். இஞ்சை எங்கடை ஆட்கள் முருகனுக்கு வைக்கிற நேர்த்தியை அவவுக்கும் வைப்பார்கள். மார்த்தினா ஒருமுறையாவது அழாமல் சரிவால் இறங்க வேண்டும் என்று வைத்தேன். இன்னொரு நேர்த்தியும் வைத்தேன். அதை எழுத மாட்டேன்.

கையுறை வாங்கியாயிற்று. கடவுளையும் கும்பிட்டாயிற்று. மூன்றாவது பாடம் எங்கே, மாஸ்டர்?

அன்புடன்,
குகனேஸ்வரி


துறொம்சோ
29.12.1996

அன்புள்ள குகனேஸ்வரிக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். நான் சொல்ல, என் அறை நண்பன் ஏர்னஸ்ற் எழுதுகிறான். தொழிற்சாலையில் ஒரு மீன் பெட்டி சரிந்து வலது மணிக்கட்டு கொஞ்சம் சுளுக்கிவிட்டது. மற்றும்படி சுகம். நீங்கள் வெறுங்காலோடு மலை ஏறியதைக் கேட்டு என் காலும் குளிர்ந்தது. கவனமாக இருங்கள்.

இனிப் பாடம். ஒரு காலால் பின்னுக்கு உதைத்துத் தள்ள வேண்டும், மற்றக் கால் முன்னுக்கு வழுக்கிக்கொண்டு போகும். உதைக்கும்போது குதிக்கால் மட்டையை விட்டு மேலே எழும்ப வேண்டும். இடது கால் போகும்போது வலது கைத்தடி. பட்டாளத்து நடை மாதிரித்தான். விழுந்தால் பக்கவாட்டில் விழ வேண்டும். ஒருபோதும் கையை ஊன்றக் கூடாது. இதை இரண்டு முறை வாசியுங்கள்: ஒருபோதும் கையை ஊன்றக் கூடாது.

இத்துடன் ஒரு பசைக் குழாய் அனுப்புகிறேன். மட்டையின் அடியில் பூச வேண்டும். பூசாவிட்டால் ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்கும். நீங்கள் எப்படி முதல் நாள் மட்டையில் ஏறினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
றஞ்சித்

பி.கு: நான் ஏர்னஸ்ற். மீன் பெட்டி சரிந்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா.


பலெர்மோ
14.1.1997

அன்புள்ள மச்சானுக்கு,

மணிக்கட்டு எப்படி? உப்பு ஒத்தடம் கொடுங்கள். அந்த மீன் பெட்டிக்கும் என் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.

முதல் ஞாயிறு முடிந்தது. சொல்கிறேன், கேளுங்கள். மலைப்பாதை வளைவில் மார்த்தினா காருக்குள் சத்தி எடுத்தாள். அதற்கு மேலே கார் பனியில் வழுக்காமல் இருக்கச் சில்லுக்குச் சங்கிலி பூட்டவேண்டும் என்று வீட்டு ஐயா, சிஞ்ஞோரே, இறங்கினார். அவர் ஒரு பெரிய அட்வொக்காத்தோ. சங்கிலிக்கு முன்னால் அவருடைய சட்டமெல்லாம் செல்லவில்லை. நெடுநேரம் பனியில் முழங்காலில் நின்று, எந்தக் கோயிலிலும் கேளாத வார்த்தைகளைச் சொன்னார். மேலே போய், பிள்ளைக்கு உள்ளுடுப்பு, கம்பளி, மேலுடுப்பு, தொப்பி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டு முடிய, "குகா, பிப்பீ" என்றாள். ஒன்றுக்கு வருகிறதாம். எல்லாவற்றையும் கழற்றினேன்.

அதற்குப் பிறகு மட்டை வாடகைக்கு விடுகிற கடை. கடைக்காரன் குனிந்து, சப்பாத்தின் குதிக்காலை மட்டையில் வைத்து ஓர் அமத்து அமத்தினான். டிக் என்று பூட்டிக்கொண்டது. மச்சான், நீங்கள் எழும்பச் சொன்ன குதிக்கால் எழும்பாது! இரும்புப் பூட்டு. மார்த்தினா பட்டாளத்து நடை நடந்து, மட்டையும் அவளுமாக முகம் குப்புற விழுந்தாள். கையை ஊன்றவில்லை. அந்தப் பாடம் மட்டும் சரி.

பசையை வேறு அடி முழுக்கப் பூசிவிட்டேன். பலாப்பால் தோற்றுவிடும். மற்றப் பிள்ளைகள் பறக்க, எங்கள் பிள்ளை சரிவின் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றாள். சிஞ்ஞோரா தலையில் கையை வைத்தா. ஆனால் பாருங்கள், மார்த்தினா கீழே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "குகா, இது ஓடாது!" என்று சிரிக்கத் தொடங்கினாள். ஓடாது என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. ஒட்டி ஒட்டி, அங்குலம் அங்குலமாகக் கீழே வந்து சேர்ந்தாள். அழவில்லை! நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

பின்னேரம் கடைக்காரன் பசையைச் சுரண்டும்போது சொன்னதை மொழிபெயர்க்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் படத்தை இன்னொருமுறை எடுத்துப் பார்த்தேன். நல்ல படம். இப்போது அடுத்த கேள்வி: பசை இல்லாமல் எப்படி நிறுத்துவது?

அன்புடன்,
குகனேஸ்வரி


துறொம்சோ
7.2.1997

அன்புள்ள குகனேஸ்வரிக்கு,

பதில் பிந்திவிட்டது, மன்னியுங்கள். மணிக்கட்டு சுகம். இப்போது இடுப்பு. அதுவும் சுகமாகிவிடும். உங்களுக்கும் மார்த்தினாவுக்கும் ஒரு நோயும் வராமல் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலையில் ஒரு நோர்வேக்காரனுக்கு விளங்கப்படுத்தினேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஸ்கீயில் இரண்டு சாதி இருக்கிறதாம். சமதரையில் நடக்கிறது ஒன்று, குதிக்கால் எழும்பும். மலைச்சரிவால் இறங்குகிறது மற்றது, குதிக்கால் பூட்டு. நான் எழுதியது முதலாவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே இந்த இரண்டு கிழமையும் இரண்டாவதைப் பற்றி நன்றாக விசாரித்தேன். இங்கே மலையடிவாரத்தில் ஒரு பழக்குகிற வகுப்பு நடக்கிறது. ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள், அவர்களோடு ஒரு பெரிய ஆளும். அந்தப் பெரிய ஆள்தான் எல்லோரிலும் கூட விழுகிறார். இழுவைக் கயிற்றைப் பிடிக்கப் போய் அதன் பின்னால் வயிற்றில் இழுபட்டுக்கொண்டே மேலே போனார் என்று கேள்வி. பிள்ளைகள் அவருடைய தொப்பியைப் பொறுக்கிக் கொடுக்கின்றன. சூரியனும் திரும்பி வந்துவிட்டது, ஊரே பார்க்கிறது. பாவம்.

நிறுத்துகிற விதம் இதுதான். மட்டைகளின் முன் நுனி இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்ட வேண்டும். கூடுதலாக அகட்டினால் மெதுவாகும், இன்னும் அகட்டினால் நிற்கும். பயம் வந்தால் உடம்பு பின்னுக்குச் சாயப் பார்க்கும். அப்போதுதான் மட்டை பாய்ந்துகொண்டு போகும். பயப்படும்போது முன்னுக்குச் சாய வேண்டும். சொல்ல இலேசு. அந்தப் பெரிய ஆளுக்கு இன்னும் வரவில்லை.

நீங்கள் விழுந்தீர்களா இல்லையா? அதை மட்டும் எழுதவே இல்லையே.

அன்புடன்,
றஞ்சித்


பலெர்மோ
20.2.1997

அன்புள்ள மச்சானுக்கு,

இடுப்புக்கு நல்லெண்ணெய் பூசுங்கள். இஞ்சை மார்த்தினாவுக்கு மூக்கால் ஓடுகிறது, ஆனால் சந்தோசத்தில் அது அவளுக்குத் தெரியவில்லை.

நுனியைச் சேர், பின்னுக்கு அகட்டு என்று போன ஞாயிறு காலை முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன். விளங்கவில்லை. அப்போது எனக்கு உங்கள் அப்பா ஞாபகம் வந்தார். தேர் இறக்கத்தில் வரும்போது சில்லுக்கு முன்னால் கட்டை போடுகிற ஆள் அவர்தானே? தேரோடு கூடவே பின்பக்கமாக நடந்து, சரியான நேரத்தில் கட்டையைச் செருகுவார். ஆயிரம் பேர் இழுக்கிற தேர் அவருக்கு மட்டும் நிற்கும். நான் மார்த்தினாவுக்குச் சொன்னேன்: நீ ஒரு பெரிய தேர். சாமியெல்லாம் உனக்கு மேலே இருக்கிறது. உன்ரை இரண்டு மட்டையும் கட்டை. நான் 'கட்டை' என்று கத்தினால் இரண்டையும் ஆப்பு மாதிரிச் சேர்.

அவள் மேலே நின்று கும்பிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சாமி இருக்கிறது என்று தானாகவே கும்பிட்டாள். புறப்பட்டாள். பாதியில் வேகம் பிடித்தது. நான் கத்துவதற்கு முன்னமே அவள் "கட்டாஆஆய்!" என்று கத்தினாள் பாருங்கள், மலை முழுக்கக் கேட்டது. நின்றாள். எனக்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றாள். பின்னேரத்துக்குள் அந்தச் சரிவில் இறங்கின சிசிலிப் பிள்ளைகள் எல்லாம் கட்டாய் கட்டாய் என்று கத்திக்கொண்டுதான் வந்தன. கடைசியில் அட்வொக்காத்தோவும் கத்தினார். அவர் மட்டும் நிற்கவில்லை, ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுக் கூடைக்குள் போய் இருந்தார்.

அந்தப் பெரிய ஆள் எப்படி இருக்கிறார்? விடாமல் போகச் சொல்லுங்கள். தொப்பி பொறுக்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கவும் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். சித்தப்பா லண்டன் மாப்பிள்ளை ஒருவரின் படமும் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஒரு சிவப்புக் காருக்கு முன்னால் நிற்கிறார். கார் அவருடையதோ என்று நான் கேட்கவில்லை. அம்மா அவசரப்படுத்துகிறா, வருடப்பிறப்பும் கிட்டுகிறது.

அன்புடன்,
குகனேஸ்வரி


துறொம்சோ
4.3.1997

அன்புள்ள குகனேஸ்வரிக்கு,

சுகம் விசாரிக்கக்கூட எனக்கு இன்று பொறுமை இல்லை. நீர் சுகமாக இருக்கிறீர் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

அந்தப் பெரிய ஆள் நேற்று மலையின் உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் வந்தார். நேராகத்தான் வந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தார். நடுவில் ஒரு செங்குத்து இருக்கிறது. அந்த இடத்தில் அப்பாவை நினைத்துக்கொண்டு "கட்டை!" என்று கத்தினார். பின்னால் வந்த பிள்ளைகளும் கத்தின. கீழே நின்ற ஏர்னஸ்ற் விசிலடித்தான். எனக்கு, அதாவது அந்தப் பெரிய ஆளுக்கு, கண் கலங்கிவிட்டது.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். நேற்றுத்தான் எடுத்தது. கீழே வந்து சேர்ந்த சந்தோசத்தில் கையைத் தூக்கி, சமதரையில் மல்லாக்க விழுந்தபோது ஏர்னஸ்ற் கமராவை அமத்திவிட்டான். மட்டை இரண்டும் வானத்தைப் பார்க்கின்றன, தொப்பியைக் காணோம், முகம் முழுக்கப் பல். இதற்கு முன்னம் அனுப்பிய படத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சித்தப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதையே காட்டும். லண்டன்காரரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் பரவாயில்லை. எனக்கு இந்த ஆளைத்தான் பிடித்திருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
றஞ்சித்


பலெர்மோ
19.3.1997

அன்புள்ள மச்சானுக்கு,

இஞ்சை எல்லோரும் நல்ல சுகம். மலையில் பனி கரையத் தொடங்கிவிட்டது. போன ஞாயிறுதான் கடைசி. மார்த்தினா இனிப் பாதியிலிருந்து வரமாட்டாளாம், உச்சியிலிருந்துதானாம். நேர்த்திக்கடன் தீர்க்க ஒருமுறை மலை ஏறினேன். மற்ற நேர்த்திக்கு இன்னொருமுறை ஏற வேண்டும்.

பழைய படத்தைத் திருப்பித் தரமாட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சித்தப்பா புதுப் படத்தைப் பார்த்து, "என்ன பிள்ளை, மாப்பிள்ளை விழுந்து கிடக்கிறார்?" என்று பயந்துபோனார். "ஓம் சித்தப்பா, இந்த மாப்பிள்ளை உண்மையாகவே ஏறினபடியால்தான் விழுந்தவர்" என்றேன்.

மச்சான், எனக்குத் தை மாதமே தெரியும். கடைக்காரன் மார்த்தினாவின் சப்பாத்தை டிக் என்று பூட்டினானே, அன்றைக்கு வந்து பழைய படத்தைப் பார்த்தேன். நூல் கட்டின கறுத்தச் சப்பாத்தோடு மட்டைக்கு மேல் சும்மா நிற்கிறீர்கள். பூட்டு உங்கள் கால் நுனிக்கு முன்னால் வாயைத் திறந்தபடி கிடக்கிறது. ஓரடி வைத்திருந்தால் மட்டை அங்கே, நீங்கள் இங்கே! முதலில் கோபம் வந்தது. பிறகு உங்கள் கடிதங்களை எல்லாம் திரும்ப வாசித்தேன். மீன் பெட்டி, இருட்டு, ஏர்னஸ்ற். வாசித்து வாசித்துச் சிரித்தேன். ஒரு பெண் கேட்டதற்காக ஒரு மனிசன் இருட்டில் தனியப் போய் விழுந்து எழும்பியிருக்கிறார் என்று விளங்கியது. இன்னும் எவ்வளவு தூரம் போவார் பார்ப்போம் என்றுதான் எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். உச்சி வரைக்கும் போய்விட்டீர்கள்.

அம்மாவுக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். ஓம் என்று.

கலியாணத்தைத் தை மாதத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குக் காரணம் விளங்காது. தையில்தான் பியானோ பத்தாலியாவில் நல்ல பனி. வரும்போது உங்கள் மணிக்கட்டையும் இடுப்பையும் முழுசாகக் கொண்டு வாருங்கள், எனக்கு அவசியம் தேவை. நான் விழுந்தேனா என்று கேட்டீர்களே, இப்போது பதில் சொல்கிறேன். முதல் ஞாயிறே சிஞ்ஞோரா எனக்கும் ஒரு சோடி மட்டை எடுத்துத் தந்தா. பிள்ளையைப் பிடிக்க ஓட வேண்டும், இதோடு ஓட முடியாது என்று சொல்லிக் கடைக்காரனிடம் அப்பவே திருப்பிக் கொடுத்துவிட்டேன். குளிர்காலம் முழுக்க றப்பர் சப்பாத்தோடு சரிவின் அடியில் நின்று கத்தினது மட்டும்தான் நான்.

சரிவைக் கண்டால் எனக்கும் பயம்தான் மச்சான். ஆனால் இறங்கிப் பார்க்க ஆசை. மாமா தேருக்கு முன்னால் நடந்த மாதிரி நீங்கள் எனக்கு முன்னால் பின்பக்கமாகப் போங்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டே வாறன்.

உங்கள்,
குகா